சாவா மருந்து கிடைத்தால் வாங்குவீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு மாலை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் ஒருமுறை, "சாகாமல் இருக்க ஒரு மருந்து கிடைத்தால் வாங்குவீர்களா?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிட்டேன். ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டியது மூன்று வாரம் ஓடியது. இன்றும் கல்யாண வீட்டிலோ பஸ் நிறுத்தத்திலோ பார்த்தால் யாராவது விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருத்துவனும் அல்ல, சாமியாரும் அல்ல.

மனிதர்களுக்கு உண்மையிலேயே சாகாமல் இருக்க ஆசையா?

எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2013இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பு ஒன்று உண்டு. முதுமையைத் தள்ளிப்போட்டு 120 வயதுவரை வாழவைக்கும் சிகிச்சை வந்தால் உங்களுக்கு வேண்டுமா என்று அந்நாட்டுப் பெரியவர்கள் இரண்டாயிரம் பேரிடம் கேட்டார்கள். 56 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள், 38 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். சரி, மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று அவர்களிடமே கேட்டபோது, 68 சதவீதம் பேர் "பெரும்பாலானவர்கள் வாங்கிக்கொள்வார்கள்" என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு ஆசை இல்லை, ஊருக்குத்தான் ஆசை. பந்தியில் இலையைக் கையால் மறைத்துக்கொண்டு "எனக்குப் போதும், அவருக்கு வையுங்கள்" என்று சொல்லும் குரல்தான் எனக்கு அதில் கேட்டது. எத்தனை வயதுவரை வாழ விருப்பம் என்ற கேள்விக்கு வந்த விடைகளின் நடுமதிப்பு 90.

எங்கள் வட்டத்திலும் கை தூக்கச் சொன்னேன். இரண்டு மூன்று கைகள்தான் எழுந்தன. பிறகு கேள்வியை மாற்றினேன். நாளைக்கு உயிரோடு இருக்க வேண்டுமா? எல்லாக் கைகளும் எழுந்தன. நாளை மறுநாள்? கைகள் இறங்கவில்லை. எந்தத் தேதியில் இறக்குவீர்கள் என்றேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "இது போங்கு ஆட்டம்" என்று எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். முடிவே இல்லாத வாழ்வு வேண்டாம் என்பவர்களுக்கும் நாளை வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு விடைகளும் ஒரே மனதில் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன.

வயதானவர்களே "போதும்" என்கிறார்களே?

சொல்கிறார்கள். என் அப்பாவைப் பெற்ற பாட்டி எண்பது வயதைத் தாண்டியதிலிருந்து, "எமன் என் ஓலையை எங்கோ தொலைத்துவிட்டான்" என்று தினமும் ஒருமுறையாவது சொல்வார். சொல்லி முடித்த கையோடு, ரத்த அழுத்த மாத்திரை போட்டாகிவிட்டதா என்று அம்மாவிடம் கேட்பார். கார்த்திகை பிறந்தால், வருகிற கோடைக்கு எத்தனை படி வடகம் பிழிவது என்று கணக்கு. முதலில் இதை நடிப்பு என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. இடுப்பு வலியைத்தான் அவர் போதும் என்று சொல்லியிருக்கிறார், வடகத்தை அல்ல.

அவருக்குத் தொண்ணூறு ஆனபோது இந்தக் கேள்வியை அவரிடமும் கேட்டேன். சாகாமல் இருக்க மருந்து கொடுத்தால் சாப்பிடுவீர்களா பாட்டி? அவர் கேட்டது: "எனக்கு மட்டுமா, வீட்டுக்கே சேர்த்தா?" ரேஷன் கடை வரிசையில் கேட்கும் அதே தொனி. உங்களுக்கு மட்டும்தான் என்றேன். "அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? உன் அப்பனுக்குக் கொடு" என்றார்.

பழங்கதைகளில் நெடுநாள் வாழ்ந்தவர்கள் நன்றாகத்தானே இருந்தார்கள்?

எல்லோரும் அல்ல. வரம் கேட்பதில் கவனம் வேண்டும் என்பதற்குக் கிரேக்கர்கள் சொன்ன கதை தித்தோனஸ் கதை. விடியலின் தேவதை இயோஸ், தன் காதலனாகிய மனிதனுக்குச் சாகாவரம் வாங்கித் தந்தாள். இளமையைச் சேர்த்துக் கேட்க மறந்தாள். அவன் சாகவில்லை, சுருங்கிக்கொண்டே போனான். கடைசியில் வெட்டுக்கிளியாக ஆனான் என்பார்கள்.

நம் மார்க்கண்டேயர் கதையில் அந்தப் பிழை நேரவில்லை. அவருக்குக் கிடைத்தது "என்றும் பதினாறு". ஆனால் அந்தக் கதையில் என்னை நிறுத்துவது எமன் பாசக்கயிறு வீசும் காட்சி அல்ல, அதற்கு முந்தைய காட்சி. நீண்ட ஆயுளோடு மந்தபுத்தியுள்ள மகன் வேண்டுமா, பதினாறே வயது வாழும் அறிவுள்ள மகன் வேண்டுமா என்று சிவன் கேட்கிறார். மிருகண்டு முனிவரும் மனைவியும் பதினாறைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆயுளை எண்ணிக்கையால் அளக்க அந்தப் பெற்றோர் ஒப்பவில்லை. கணக்கு முடியும் நாள் நெருங்கியபோது அவர்கள் அழுததும் உண்மை.

மகாபாரதத்தில் சாகாமை தண்டனையாகவே வருகிறது. தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கொன்ற அசுவத்தாமனுக்குக் கண்ணன் இட்ட சாபம், ஆறாத புண்ணோடு மூவாயிரம் ஆண்டு தன்னந்தனியாக அலைய வேண்டும் என்பது. யயாதி வேறு வகை. சாபத்தால் வந்த கிழப்பருவத்தை மகன்களிடம் மாற்றிக்கொள்ளப் பார்த்தான். நான்கு பேர் மறுத்தார்கள், கடைசி மகன் பூரு மட்டும் சம்மதித்தான். ஆயிரம் ஆண்டு அனுபவித்த பிறகு, நெய் ஊற்றிய தீயைப் போல ஆசை வளர்கிறதே தவிரத் தணியவில்லை என்று இளமையைத் திருப்பிக் கொடுத்தான். இதை ஆசைக்கு எதிரான பாடம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. எனக்கு அந்த ஆயிரம் ஆண்டும் பூரு எப்படி உட்கார்ந்து எழுந்தான் என்ற கவலைதான் பெரிது.

தமிழ் இலக்கியம் இதைப்பற்றி என்ன சொல்கிறது?

பாட்டி புறநானூறு படித்தவர் அல்ல. ஆனாலும் அவர் கேட்ட கேள்வி அங்கேதான் இருக்கிறது.

அதியமான் நெடுமான் அஞ்சிக்கு மலைப்பிளவிலிருந்து அரிய நெல்லிக்கனி ஒன்று கிடைக்கிறது. உண்டால் நெடுநாள் வாழலாம். அதன் பயனை மனதுக்குள் அடக்கிக்கொண்டு அவ்வையிடம் கொடுத்துவிடுகிறான். "சாதல் நீங்க எமக்கு ஈத்தனையே" என்று அவ்வை வியந்து பாடிய பாட்டு 91ஆவது. பள்ளியில் நாம் அதோடு நிறுத்திக்கொள்கிறோம். 235ஆம் பாட்டைப் பலர் சேர்த்துப் படிப்பதில்லை. அங்கே அஞ்சி இறந்துவிட்டான். அவ்வை அழுகிறார்: சிறிதளவு கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான்; நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடப் பாட, தானும் மகிழ்ந்து குடிப்பான். நெல்லி கொடுத்தவன் போய்விட்டான், உண்டவர் இருந்து ஒப்பாரி வைக்கிறார். சாவை நீக்கும் கனிக்கு உள்ள ஒரே பக்க விளைவு அதுதான். அவருடைய அழுகையில் நெல்லி வரவில்லை, பகிர்ந்து குடித்த கள்தான் வருகிறது.

182ஆம் பாட்டு இன்னும் நேரடியானது. இந்த உலகம் ஏன் இன்னும் நிலைத்திருக்கிறது? இந்திரர்க்குரிய அமிழ்தமே கிடைத்தாலும், இனிது என்று தனியாக உண்ணாதவர்கள் இருப்பதால். பாடியவர் பெயர் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. அமிழ்தத்தைப் பற்றிப் பாடியவரை, அவர் கடலில் இறந்ததை வைத்தே ஊர் அடையாளம் சொல்லியிருக்கிறது. திருவள்ளுவரும் விருந்தோம்பல் அதிகாரத்தில், விருந்தினரை வெளியே இருத்திவிட்டுத் தான் மட்டும் உண்பது "சாவா மருந்து எனினும்" வேண்டத்தக்கது அல்ல என்கிறார். கவனியுங்கள், இந்த மூன்று இடத்திலும் சாகாமை நல்லதா கெட்டதா என்ற விவாதமே இல்லை. மருந்து கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, யாருக்குக் கொடுக்கப்போகிறாய் என்றுதான் பேச்சு தொடங்குகிறது.

மரணமிலாப் பெருவாழ்வு பற்றித் தமிழில் மிக அதிகமாகப் பேசியவர் வள்ளலார் ராமலிங்க அடிகள். 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். ஒளியுடல் பெற்றுவிட்டார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் அதற்கு ஏழு ஆண்டு முன்பே, 1867இல், வடலூரில் அவர் திறந்தது ஒரு சோற்றுச் சாலை. அன்று மூட்டிய அடுப்பை இன்றுவரை அணையவிடாமல் காத்துவருகிறார்கள். சாகாக் கலை பேசியவர் முதலில் பசிக்கு வழி செய்தார் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

சித்தர்களின் காயகல்பம் பலிக்குமா?

காலையில் இஞ்சி, பகலில் சுக்கு, மாலையில் கடுக்காய் என்று ஒரு மண்டலம் உண்டால், கோல் ஊன்றி நடப்பவர் கோலை வீசிவிட்டு நடப்பார் என்று ஒரு பழம்பாட்டு உண்டு. அதில் வாக்குறுதி என்னவென்று பாருங்கள். கோலை வீசலாம், அவ்வளவுதான். அதைத்தான் நம்மில் பலர் கேட்கிறோம்.

கடையில் பொட்டலம் கட்டி "இளமை திரும்பும்" என்று விற்பதை நம்பி வாங்காதீர்கள். பாதரசம் கலந்த சாகாமருந்துகளால் சீனத்தில் பேரரசர்களே மாண்டிருக்கிறார்கள். முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங், சாகாமருந்தைத் தேடிக் கடல் கடந்து ஆட்களை அனுப்பினார். கி.மு. 210இல் ஐம்பது வயதுகூட நிறையாமல் இறந்தார்.

அறிவியல் எங்கே நிற்கிறது?

முதலில் ஒரு பொதுவான குழப்பம். சுதந்திரம் வந்தபோது இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32, இப்போது 70 அளவில் இருக்கிறது. இதைக் கேட்டதும், அந்தக் காலத்தில் எல்லோரும் முப்பதிலேயே போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். பச்சிளம் குழந்தைகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததால் சராசரி கீழே இறங்கியது. குழந்தைப் பருவத்தைத் தாண்டியவர்களில் அன்றும் தாத்தா பாட்டிகள் இருந்தார்கள். தடுப்பூசியும் சுத்தமான குடிநீரும் மகப்பேற்று மருத்துவமும் கொடுத்தது, பலரை முதுமைவரை கொண்டுவந்து சேர்த்ததுதான். முதுமையை அவை வெல்லவில்லை.

முதுமையின் கணக்கு கறாரானது. பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் என்ற ஆங்கிலேயக் கணிதர் 1825இல் கண்டது: வளர்ந்த மனிதருக்கு ஓர் ஆண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு வயதோடு இரட்டித்துக்கொண்டே போகிறது. இன்றைய கணக்கில் ஏறத்தாழ எட்டு ஆண்டுக்கு ஒருமுறை. கந்துவட்டிக்காரரும் இவ்வளவு ஒழுங்காக வசூலிப்பதில்லை.

செல்களுக்கும் வரம்பு உண்டு. நம் உடலின் சாதாரணச் செல்கள் ஆய்வகத்தில் ஐம்பது முறை அளவுக்குப் பிரிந்தபின் நின்றுவிடுகின்றன என்று லெனார்ட் ஹேஃப்ளிக் 1961இல் காட்டினார். நிற்காமல் பிரியும் மனிதச் செல்களும் இருக்கின்றன. ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் உடலிலிருந்து 1951இல் அவரைக் கேட்காமலே எடுக்கப்பட்ட செல்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவை புற்றுநோய்ச் செல்கள். அந்தப் பெண் அதே ஆண்டு 31 வயதில் இறந்தார். சாகாத செல் எது என்று கேட்டால் மருத்துவம் காட்டுவது, அதை உடையவரைக் கொன்ற செல்லைத்தான்.

ஈஸ்டர் தீவு மண்ணின் நுண்ணுயிரிலிருந்து கிடைத்த ராபமைசின் என்ற மருந்து, வயதான சுண்டெலிகளின் ஆயுளை நீட்டியதாக 2009இல் ஆய்வு வந்தது. நல்ல செய்தி, சுண்டெலிகளுக்கு. மனிதரில் அப்படி நிறுவப்படவில்லை. முதிர்ந்தபின் மறுபடி இளம்பருவத்துக்குத் திரும்பக்கூடிய டுரிடோப்சிஸ் என்ற சிறிய ஜெல்லிமீனும் உண்டு. "சாகாத ஜெல்லிமீன்" என்று புகழ்கிறார்கள். பெரிய மீன் விழுங்கினால் அதுவும் செத்துத்தான் போகிறது.

மூப்பே வராவிட்டால் சாவு நின்றுவிடுமா?

நிற்காது. மூப்பும் நோயும் இல்லை, விபத்து முதலியவற்றால் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் மட்டும் இறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி ஆயுள் ஆயிரம் ஆண்டு வரும். ஆனால் சுமார் 693 ஆண்டில் பாதிப் பேர் போயிருப்பார்கள். ஆயிரம் ஆண்டு மிச்சமிருக்கிறது என்று தெரிந்தவர் சாலையைக் கடப்பாரா, மோட்டார் சைக்கிளில் ஏறுவாரா என்பது என் சந்தேகம். இழக்க அறுபது ஆண்டே இருக்கும் நாமே தலைக்கவசத்தை டேங்க்கின் மேல் வைத்துக்கொண்டு போகிறோம் என்று ஒருவர் பதில் சொன்னார். அதுவும் சரிதான்.

உடலை உறையவைத்துப் பிற்காலத்தில் எழுப்புகிறார்களாமே?

உறையவைப்பது உண்மை, எழுப்பியது இல்லை. அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் பெட்ஃபோர்டு 1967 ஜனவரி 12 அன்று இறந்தவுடன் முதன்முதலாக அப்படி வைக்கப்பட்டார். அரை நூற்றாண்டு தாண்டியும், திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரிக் குளிரில் இருக்கிறார்.

அலுத்துப் போய்விடாதா?

இதுதான் அடிக்கடி வரும் ஆட்சேபணை, எனக்கு மிகவும் பலவீனமாகத் தோன்றுவதும் இதுதான். எழுபது ஆண்டாக அதே டபராவில் அதே காபியைக் குடிப்பவரை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் பத்து நிமிடம் தாமதமானால் வீடு இரண்டுபடும். ஒரே ராகத்தை வாழ்நாளெல்லாம் பாடியவர்கள், அது இன்னும் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். வாழ்க்கை அலுத்துவிடும் என்று சொல்பவர்களில் பலர் இருபத்தைந்து வயதுக்காரர்களாக இருப்பதையும் கவனித்திருக்கிறேன்.

அலுப்பு பயமில்லை. ஆள் இல்லாமல் போவதுதான் பயம். மிக நீண்ட காலம் வாழ்ந்தவராகப் பதிவாகியிருக்கும் பிரான்சின் ஜான் கல்மோன் என்ற பெண்மணியைப் பாருங்கள். ஆர்ல் நகரத்துக்காரர். 1875இல் பிறந்து, 1997இல் 122 வயது 164 நாளில் இறந்தார். அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை வேடிக்கையானது. 1965இல் அவருக்குத் தொண்ணூறு வயது. வழக்கறிஞர் ஒருவர், கிழவி இருக்கும்வரை மாதம் 2,500 பிராங்க் கொடுப்பது, இறந்தபின் அவருடைய வீட்டை எடுத்துக்கொள்வது என்று ஒப்பந்தம் போட்டார். முப்பது ஆண்டு பணம் கட்டிவிட்டு வழக்கறிஞர் 77 வயதில் இறந்துபோனார். அதன்பின் அவர் மனைவி கட்டினார்.

சிரிக்கலாம். ஆனால் கல்மோன் ஏன் வீட்டை வெளியாளுக்கு எழுதினார் என்பதையும் கேட்க வேண்டும். ஒரே மகள் 1934இல் இறந்தாள். கணவர் 1942இல். ஒரே பேரன் 1963இல் கார் விபத்தில். வீட்டைக் கொடுக்க ஆளே மிச்சமில்லை. அதற்குப் பிறகும் முப்பத்துநான்கு ஆண்டு இருந்தார்.

எல்லோரும் சாகாமல் இருந்தால் உலகத்தில் இடம் ஏது?

உலகில் ஆண்டுக்குப் பதின்மூன்று கோடி அளவில் பிறக்கிறார்கள், ஆறு கோடி அளவில் இறக்கிறார்கள். அந்த ஆறு கோடி நின்றால் என்ன ஆகும் என்பதை நிபுணர்கள் பேசட்டும். எனக்குப் பட்டாதான் கவலை. முந்நூறு வயது அப்பா நிலத்தை எழுதிக் கொடுக்கவில்லை, இருநூற்று எழுபது வயது மகன் இன்னும் "சின்னவன்", அவன் மகன்களுக்குள் வரப்புத் தகராறு நூற்றைம்பதாவது ஆண்டாக நீதிமன்றத்தில், அதே நீதிபதி முன். அலுவலகத்தில் உங்கள் மேலதிகாரியும் அந்த மருந்தைச் சாப்பிட்டிருப்பார் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கோயிலில் மக்கள் சாகாவரம் கேட்பதில்லையா?

கேட்கும் இடம் ஏதாவது இருந்தால் அது திருக்கடையூராகத்தான் இருக்கும். எமனை உதைத்த தலம், சுவாமியின் பெயரே அமிர்தகடேஸ்வரர். அங்கே அறுபது முடிந்தவர்களுக்குச் சஷ்டியப்த பூர்த்தி, எண்பதை ஒட்டிச் சதாபிஷேகம். ஆயிரம் பிறை காண்பது என்றால், கணக்குப்படி எண்பது வயதும் பத்து மாதமும். என் பெரியப்பாவின் மணிவிழாவுக்குப் போயிருந்தபோது, மாலையும் கழுத்துமாக வரிசையில் நின்ற ஜோடிகளைப் பார்த்தேன். முடிவில்லாமல் வாழ வேண்டும் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. பெரியம்மா சொன்னது, "இவருக்கு முன்னால் நான் போய்விட வேண்டும்." பெரியப்பா காது கேட்காதது போல வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

நீங்கள் வாங்குவீர்களா?

மொத்தமாக என்றால் வாங்க மாட்டேன். ஓர் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளலாம், வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து என்றால், கடை திறக்கும் முன்பே வரிசையில் நிற்பேன். அடுத்த ஆண்டும் நிற்பேன். எந்த ஆண்டு நிறுத்துவேன் என்று கேட்டால், நானும் டீ குடிக்கப் போய்விடுவேன்.

பாட்டி தன் தொண்ணூற்றிரண்டாவது வயதில் ஒரு நகைச் சீட்டு சேர்ந்தார். பதினொரு மாதத் தவணை. கொள்ளுப்பேத்திக்கு அப்போது நான்கு மாதம், அவளுடைய காதுகுத்துக்குத் தோடு வாங்க வேண்டுமாம். எமன் ஓலையைத் தொலைத்த கதையை அந்த நகைக் கடைக்காரரிடமும் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். ஒன்பதாவது தவணை கட்டிய மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார். மீதி இரண்டு தவணையை அம்மா கட்டினார். தோடு வீட்டுக்கு வந்தபோது குழந்தைக்கு இன்னும் காது குத்தியிருக்கவில்லை.